தேவனுக்காகப் பொய்ச்சாட்சி சொல்லலாமா?

இவ்வாரத் தியானப் பகுதி: யோபு 13:1-12, யாத்திராகமம் 20:16



பொய்ச்சாட்சியை விலக்கும் ஒன்பதாம் கட்டளையைப் பற்றிப் பிரசங்கிக்கும்போதெல்லாம் நாம் நீதிமன்றக் கூண்டையும் தெருமுனைப் புறங்கூறுதலையும் சுட்டிக்காட்டுகிறோம். அயலானைக் கெடுக்கச் சொல்லும் பொய் பாவம் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் யோபின் புத்தகம் இன்னொரு வகைப் பொய்ச்சாட்சியை நமக்கு முன் நிறுத்துகிறது. அது தேவனுக்கு விரோதமாகச் சொல்லப்பட்டதல்ல. தேவனுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டது. யோபின் சிநேகிதர் மூவரும் பக்தியுள்ளவர்கள். தேவனுடைய நீதியைக் காப்பாற்ற வேண்டும் என்னும் வைராக்கியத்தில், தங்கள் கண்ணெதிரே சாம்பலில் உட்கார்ந்திருந்த மனிதனைப் பற்றி உண்மையல்லாதவற்றைப் பேசினார்கள். தேவனுக்காக வழக்காடுவதாக எண்ணிக்கொண்டு அவர் பெயரால் பொய் பேசுவீர்களோ என்று யோபு அவர்களைக் கேட்டான். புத்தகத்தின் முடிவில் தேவனுடைய கோபம் மூண்டது யோபின்மேல் அல்ல. தமக்காகப் பரிந்து பேசிய அந்தச் சிநேகிதர்கள்மேலேயே.

இந்தப் பகுதியை இவ்வாரம் நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு மண்டையோடு.

நம் சபைகளில் ஒரு துண்டுப்பிரதி பல ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. இப்போது அது கைபேசிகளிலும் வலம் வருகிறது. அதன் வாதம் சுருக்கமானது. இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்னும் ஊரில் கிடைத்த மண்டையோட்டை மனிதனுக்கும் குரங்குக்கும் இடைப்பட்டது என்று விஞ்ஞானிகள் உலகுக்குக் காட்டினார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அது மோசடி என்று வெளிப்பட்டது. ஆகவே இடைப்பட்டவை என்று சொல்லப்படும் எல்லா மண்டையோடுகளும் மோசடியே. ஆகவே வேதம் ஜெயித்தது. எழுப்புதல் கூட்டங்களிலும் வாலிபர் முகாம்களிலும் இதைச் சொல்லி அல்லேலூயா முழக்கம் பெறும் ஊழியர்களை நான் கேட்டிருக்கிறேன். இந்த வாதத்தின் முற்பாதி உண்மை. பிற்பாதி பொய்ச்சாட்சி. முற்பாதியின் உண்மையைக் காட்டிப் பிற்பாதியின் பொய்யை விற்பதே இதன் தந்திரம்.

முதலில் உண்மையை முழுமையாகச் சொல்லுவோம். 1912 டிசம்பர் 18 அன்று லண்டன் புவியியல் சங்கத்தின் கூட்டத்தில் இருவர் ஒரு மண்டையோட்டின் துண்டுகளையும் ஒரு தாடையின் துண்டையும் முன்வைத்தனர். ஒருவர் சார்லஸ் டாசன். சசெக்ஸ் மாவட்டத்து வழக்கறிஞர், பழம்பொருள் சேகரிப்பாளர். மற்றவர் ஆர்தர் ஸ்மித் உட்வர்ட். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் புவியியல் பிரிவுத் தலைவர். பில்ட்டவுன் அருகே சரளைக்கல் குழியொன்றில் இவை கிடைத்ததாகச் சொன்னார்கள். மண்டையின் மேற்பகுதி மனிதனுடையதைப் போல உயர்ந்து உருண்டிருந்தது. தாடையோ குரங்கினுடையதைப் போலிருந்தது. பெரிய மூளை, மிருகத்தின் தாடை. மனிதனின் முன்னோன் அப்படித்தான் இருந்திருப்பான் என்று அக்காலத்து ஆங்கில அறிஞர் பலர் ஏற்கெனவே எண்ணியிருந்தார்கள். அவர்கள் எண்ணியதை மண் அப்படியே கக்கிக் கொடுத்தது. அதுவும் ஆங்கில மண்! ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஆதிமனிதனின் எலும்புகள் கிடைத்துக்கொண்டிருந்த காலத்தில், தங்கள் நாட்டிலும் ஒருவன் கிடைத்ததில் அவர்களுக்கு உண்டான பெருமிதம் கொஞ்சமல்ல.

அக்காலத்திலேயே ஐயப்பட்டவர்கள் இருந்தனர். டேவிட் வாட்டர்ஸ்டன் என்னும் உடற்கூற்றியல் பேராசிரியர் 1913-இலேயே, இது மனித மண்டையும் வாலில்லாக் குரங்கின் தாடையும் என்று எழுதினார். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த கெரிட் மில்லர் 1915-இல் அதே முடிவுக்கு வந்தார். ஆனால் தாடை மண்டையோடு பொருந்தும் முனை உடைந்து போயிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சேர்ந்தவையா என்று பார்க்க வேண்டிய இடமே இல்லாதிருந்தது. ஆகவே நம்ப விரும்பியவர்கள் நம்பினார்கள். 1938-இல் அந்த இடத்தில் நினைவுக்கல் நாட்டித் திறந்துவைத்தார் ஆர்தர் கீத் என்னும் புகழ்பெற்ற உடற்கூற்றியலாளர். உட்வர்ட் தம் முதுமையில் அந்த ஊர்ப்பக்கமே குடியேறி, மேலும் எலும்புகள் கிடைக்குமென்று வீணாகத் தோண்டினார். பில்ட்டவுன் மனிதனை முதல் ஆங்கிலேயனாகக் கொண்டாடும் அவருடைய நூல் அவர் மறைவுக்குப் பின் 1948-இல் வெளிவந்தது. ஐந்தே ஆண்டுகளில் எல்லாம் இடிந்து விழுந்தது.

அது எப்படி இடிந்தது என்பதைத்தான் துண்டுப்பிரதி சொல்லுவதில்லை. இடித்தவர்கள் யார்? பேராயர்களா? எழுப்புதல் பிரசங்கிமாரா? இல்லை. பரிணாமத்தை ஆராய்ந்து வாழ்ந்த அறிவியலாளர்களே. மண்ணில் புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரின் என்னும் பொருளைச் சிறுகச் சிறுக உறிஞ்சிக்கொள்ளும். பழைமை கூடக் கூட அதன் அளவும் கூடும். அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கென்னத் ஓக்லி 1949-இல் இந்தச் சோதனையைச் செய்து, பில்ட்டவுன் எலும்புகள் சொல்லப்பட்ட அளவுக்குப் பழைமையானவை அல்ல என்று காட்டினார். 1953-இல் ஜோசப் வைனர், வில்பிரட் லெ கிராஸ் கிளார்க் என்னும் ஆக்ஸ்போர்டு அறிஞர் இருவரும் அவருடன் சேர்ந்து முழு மோசடியையும் வெளிப்படுத்தினர். மண்டை, சில நூறு ஆண்டுகளே ஆன மனித மண்டை. தாடை, உராங்குட்டானுடையது. மனிதப் பல் தேய்ந்ததுபோல் தோன்றும்படி கடைவாய்ப்பற்களை யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள். அரத்தின் கீறல்கள் உருப்பெருக்கியில் தெரிந்தன. பழைமை தோன்றும்படி எலும்புகளுக்குச் சாயமேற்றியிருந்தார்கள். 2016-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, தாடையும் பற்களும் ஒரே உராங்குட்டானிலிருந்து வந்திருக்கக்கூடும் என்றும், வேலை ஒரே கையினுடையது என்றும் காட்டி, டாசனையே சுட்டியது.

பிரியமானவர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். ஒரு கூட்டத்தார் தங்கள் நடுவிலிருந்த பொய்யைத் தாங்களே தேடிப்பிடித்து, தங்கள் பெரியவர்களின் பெயர் கெடும் என்று அறிந்தும், உலகறிய வெளியிட்டார்கள். 41 ஆண்டுகள் தாமதித்தார்கள். அது அவர்களுக்கு வெட்கம். ஆனால் வெளியிட்டார்கள். வேதம் இதற்கு என்ன பெயர் கொடுக்கிறது? அறிக்கையிடுதல் என்று. அந்த அறிக்கையை எடுத்து, அறிக்கையிட்டவர்களையே அடிக்கும் கல்லாக நாம் பயன்படுத்துகிறோம். நம் சபைகளில் இப்படி ஒருவன் தன் குற்றத்தை அறிக்கையிட்டால், அவன் இதுவரை சொன்னதெல்லாம் பொய்யென்றா தீர்ப்போம்?

இனித் துண்டுப்பிரதியின் பிற்பாதிக்கு வருவோம். எல்லா மண்டையோடுகளும் மோசடி என்கிறதே, அந்த மண்டையோடுகள் என்ன சொல்லுகின்றன?

மனித மண்டையோட்டையும் சிம்பன்சியின் மண்டையோட்டையும் அருகருகே வைத்தால், மூன்று வேறுபாடுகள் கல்லாதவன் கண்ணுக்கும் தெரியும். முதலாவது மூளை இருக்கும் அறை. சிம்பன்சிக்கு அது ஏறக்குறைய 400 கன சென்டிமீட்டர். நமக்குச் சராசரி 1,350 அளவில். ஆகவே நம் நெற்றி செங்குத்தாய் எழும்புகிறது; அதன் நெற்றியோ புருவமேட்டுக்குப் பின்னால் சரிந்து ஓடுகிறது. இரண்டாவது முகமும் பற்களும். சிம்பன்சியின் முகம் முன்னோக்கி நீண்டிருக்கும். கோரைப்பற்கள் நீண்டு கூர்மையாயிருக்கும். வாய் மூடும்போது அவை சென்று அமர்வதற்குப் பல்வரிசையில் இடைவெளி இருக்கும். நம் முகம் மண்டைக்குக் கீழே ஒடுங்கியிருக்கிறது. கோரைப்பல் மற்றப் பற்களின் மட்டத்துக்குக் குறுகியிருக்கிறது. கீழே முகவாய் புடைத்திருக்கிறது. மூன்றாவது, பலரும் கவனியாதது: தண்டுவடம் மண்டைக்குள் நுழையும் துளை. நாலுகால் நடையினதாகிய சிம்பன்சிக்கு அது மண்டையின் பின்பக்கமாய் ஒதுங்கியிருக்கிறது. நிமிர்ந்து நடக்கும் நமக்கோ மண்டையின் அடியில், நடுவில் இருக்கிறது. கழுத்தென்னும் தூணின்மேல் தலை சமனாய் வைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் கற்பனையல்ல, பல்மருத்துவம் படிக்கும் எந்தப் பிள்ளையும் கையில் ஏந்திப் பார்க்கக்கூடியவை. இனிக் கேள்வி: இம்மூன்று வேறுபாடுகளும் ஒன்றுசேர வந்தனவா, ஒன்றன்பின் ஒன்றாய் வந்தனவா? மூளைதான் முதலில் பெருத்தது என்று பில்ட்டவுன் பொய் சொல்லிற்று. மெய்யான எலும்புகள் நேர்மாறாகச் சொல்லின.

1924-இல் தென்னாப்பிரிக்காவில் டாங் என்னும் இடத்தின் சுண்ணாம்புக்கல் வெட்டும் களத்திலிருந்து ஒரு பாறைத்துண்டு ஜோகன்னஸ்பர்க் நகரத்து உடற்கூற்றியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட்டின் கைக்கு வந்தது. அவர் பொறுமையாய்க் கல்லைச் சுரண்டி எடுக்க, ஒரு குழந்தையின் முகம் வெளிப்பட்டது. பால்பற்கள் இருந்தன, முதல் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் முளைத்துக்கொண்டிருந்தன. மூளையறை சிறியது, அந்தக் குழந்தை வளர்ந்திருந்தாலும் அது 440 கன சென்டிமீட்டர் அளவில்தான் நின்றிருக்கும் என்று பிற்காலத்தில் கணித்தார்கள். அதாவது சிம்பன்சியினுடையதைவிடச் சற்றே பெரியது. ஆனால் கோரைப்பல் சிறுத்திருந்தது. தண்டுவடம் நுழையும் துளை முன்னோக்கி வந்திருந்தது. சிறிய மூளை, நிமிர்ந்த நடை. 1925 பிப்ரவரியில் டார்ட் இதை ஆஸ்ட்ரலோபித்தேகஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்.

லண்டன் பெரியவர்கள் நகைத்தார்கள். குரங்குக்குட்டிகளின் மண்டை வளர்ந்த குரங்கினுடையதைவிட மனிதச் சாயலாய் இருப்பதுண்டு. ஆகவே இதுவும் ஒரு குட்டிதான் என்றார்கள். அந்த எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. ஆனால் நியாயத்தோடு பில்ட்டவுனும் சேர்ந்துகொண்டது. பெரிய மூளையே முதலில் வந்ததென்று கையில் 'சாட்சி' இருக்கும்போது, சிறிய மூளையோடு நிமிர்ந்து நடந்த ஒரு ஆப்பிரிக்கக் குழந்தையை எப்படி ஏற்பது? பொய்ச்சாட்சி செய்யும் கேடு இதுதான். அது ஒரு பொய்யைச் சேர்ப்பதோடு நில்லாமல், வாசலில் வந்து நிற்கும் மெய்யையும் உள்ளே விடுவதில்லை. ராபர்ட் புரூம் என்னும் மருத்துவர் 1936 முதல் ஸ்டெர்க்ஃபான்டைன் குகைகளில் வளர்ந்தவர்களின் எலும்புகளைக் கண்டெடுத்தபின், குட்டி என்னும் வாதம் சரிந்தது. 1947-இல் ஆர்தர் கீத், ஆம், பில்ட்டவுன் நினைவுக்கல்லைத் திறந்துவைத்த அதே கீத், டார்ட் சொன்னதே சரியென்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். அப்போது அவர் எண்பதைக் கடந்த முதியவர். நம்மில் எத்தனை ஊழியர்கள் எண்பது வயதில் அப்படி எழுதுவார்கள்?

அதன்பின் எத்தியோப்பியாவில் 1974-இல் லூசி என்று பெயரிடப்பட்ட எலும்புக்கூடு கிடைத்தது, 32 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது, நிமிர்ந்து நடந்தது. சாவகத் தீவில் 1891-இல் யூஜின் துபுவா எடுத்த மண்டையின் மேலோடு, மூளையளவில் சிம்பன்சிக்கும் நமக்கும் இடையில், 900 கன சென்டிமீட்டரைச் சுற்றி நிற்கிறது. ஒரு மோசடிக்காரன் ஒரு சரளைக்கல் குழியில் ஒரு தாடையைப் புதைக்கலாம். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும், ஒருவரையொருவர் அறியாத மனிதர் நூறாண்டுகளுக்கு மேலாய்ப் பாறையிலிருந்து வெட்டியெடுத்த எலும்புகளையெல்லாம் யார் புதைத்தது? இவற்றை எப்படி வரிசைப்படுத்துவது, எது எதற்கு முன்னோர் என்பதில் அறிஞர்க்குள் வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் இவை இருக்கின்றனவா என்பதில் வழக்கில்லை. இருப்பதை இல்லையென்பது விசுவாசமன்று.

குரங்கு மனிதனாயிற்றென்றால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன என்று மேடையில் கேட்டுச் சிரிப்பை வாங்குகிறார்களே, அதற்கும் ஒரு வார்த்தை. இன்றுள்ள சிம்பன்சி மனிதனாயிற்றென்று கற்றோர் எவரும் சொல்லவில்லை. இரண்டு கிளைகளும் ஏறக்குறைய அறுபது, எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே அடிமரத்திலிருந்து பிரிந்தன என்பதே அவர்கள் சொல்வது. பெரியப்பா மக்கள் உயிரோடிருப்பதால் தாத்தா இருந்ததில்லை என்று யாராவது வாதிப்பார்களா? எதிராளி சொல்லாததைச் சொன்னதாக்கி, அதை வீழ்த்தி வெற்றி கொண்டாடுவதும் பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சியே. பரிணாம அறிஞனும் நம் அயலான்தான். ஒன்பதாம் கட்டளை அவனுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது.

இதெல்லாம் அறிவாளிகளின் சண்டை, சபைக்கு இதனாலென்ன என்பீர்களானால், கேளுங்கள். நம் ஞாயிறு பள்ளியில் வளர்ந்து பல்மருத்துவம் படிக்கச் சென்ற ஒரு பிள்ளை, விடுமுறையில் வந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஐயா, முகாமில் அந்தத் தாளைக் கொடுத்தவர்களுக்கு உண்மை தெரியாதா? தெரிந்துதான் அப்படிச் சொன்னார்களா? தெரியாமல் சொன்னார்களென்றால், தெரியாத காரியத்தை தேவனுடைய வார்த்தை மாதிரி ஏன் சொல்லணும்? தெரிந்தே சொன்னார்களென்றால், இயேசு உயிர்த்தெழுந்தார் என்று அவர்களே சொல்லும்போது நான் எப்படி நம்புவது?"

சகோதர ஊழியர்களே, இந்தக் கேள்விக்கு உங்கள் பதில் என்ன? அவள் பரிகாசக்காரி அல்ல. பாடகர் குழுவில் பாடினவள். அவளை விசுவாசத்தின் விளிம்புக்குத் தள்ளியது டார்வினுடைய புத்தகமன்று, நம்முடைய துண்டுப்பிரதி. கிறிஸ்து எழுந்திராவிட்டால் தாங்கள் தேவனைக் குறித்தே பொய்ச்சாட்சிகளாய்க் காணப்படுவோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது நடுங்கினார். உயிர்த்தெழுதலின் செய்தி முழுவதும் சாட்சிகளின் நாணயத்தின்மேல் நிற்கிறது என்று அவர் அறிந்திருந்தார். அந்த நாணயத்தை ஒரு மேடைக் கைதட்டலுக்காக நாம் செலவழிக்கிறோம். கல்லறை வெறுமையாயிருந்தது என்று சொல்லும் அதே வாய், டாங் குழந்தை கட்டுக்கதை என்றும் சொன்னால், பிள்ளைகள் இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பார்கள். நிறுத்துவிட்டு இரண்டையும் எறிந்துவிடுவார்கள்.

இது புதிய எச்சரிக்கையும் அல்ல. 1,600 ஆண்டுகளுக்கு முன் ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய பேராயர் அகுஸ்தீன் இதையே எச்சரித்தார். வானத்தையும் பூமியையும் விலங்குகளையும் பற்றி அவிசுவாசி நன்கறிந்த காரியத்தில் ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பெயரால் பிதற்றினால், சிரிப்புக்கு இடமாவது அவனல்ல, வேதமே. நித்தியஜீவனைப் பற்றி வேதம் சொல்வதைப் பின்பு யார் கேட்பார்கள் என்று வருந்தினார். அவர் காலத்தில் கைபேசி இல்லை. ஆனால் நம்மை அறிந்திருந்தார்.

எலும்புகளுக்கு அஞ்சாத ஊழியர்களும் இருந்தார்கள். 1908-இல் பிரான்சின் லா ஷப்பேல்-ஓ-சான் என்னும் ஊர்க் குகையில் நியாண்டர்தால் மனிதன் ஒருவனின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவர்கள் மூன்று குருமார்: புய்சொனி சகோதரர் இருவரும் லூயி பார்டனும். அவர்கள் அதை ஒளிக்கவில்லை, உடைக்கவில்லை, பாரிஸ் நகரத்து அறிஞர் மார்செலின் பூலிடம் அனுப்பினார்கள். தவறியவர் பூல்தான், அவர் அந்த மனிதனைக் கூன்விழுந்த மிருகமாய் வரைந்து காட்டினார். அந்தக் கூனலுக்குக் காரணம் மிருகத்தன்மையல்ல, மூட்டுவாதத்தால் சிதைந்த எலும்புகளைத் தவறாய்ப் புரிந்துகொண்டதே என்று 1957-இல் மறு ஆய்வு காட்டிற்று. அவன் மூளையறையோ ஏறக்குறைய 1,600 கன சென்டிமீட்டர். நம் சராசரியைவிடப் பெரியது. பற்களில் பெரும்பான்மை உதிர்ந்து, நடமாட்டமும் குன்றிய அவனை, அவனுடைய கூட்டத்தார் ஒரு குழியில் அடக்கம் செய்தார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பயமின்றி உண்மையைத் தேடினால், நாம் அஞ்சிய மிருகம் இருந்த இடத்தில் இரங்கத்தக்க ஒரு முதியவனைக் காண்போம்.

எதிர்ப்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டேன். மண்டையை அளந்தாயிற்று, ஆகவே ஆத்துமா இல்லை, தேவனும் இல்லை என்று சொல்லுகிறவர்கள் தங்கள் அளவுகோலுக்கு மிஞ்சிப் பேசுகிறார்கள். பொதுவான முன்னோர் உண்டு என்பதை எலும்பு காட்டலாம். அந்த நீண்ட வழி நெடுக யாருடைய கரமும் இல்லை என்பதை எந்த எலும்பு காட்டிற்று? மூளையின் கொள்ளளவே மனிதனின் மதிப்பு என்றால், லா ஷப்பேல் முதியவன் நம்மைவிட மேலானவன். நம் வீட்டில் சிறுத்த தலையோடு பிறந்த பிள்ளை நம்மைவிடக் கீழானது. அப்படிச் சொல்லத் துணிந்தவர்களை உலகம் கண்டதுண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மண்டையோடுகளை அளந்து, கறுப்பின மக்களை வெள்ளையருக்கும் குரங்குக்கும் நடுவில் வரைந்து, அடிமைத்தனத்தை நியாயப்படுத்தினார்கள். எலும்பின்மேல் தங்கள் விருப்பத்தை எழுதியவர்கள் எப்பக்கத்திலும் இருந்திருக்கிறார்கள்.

தேவசாயல் என்று ஆதியாகமம் சொல்வது மூளையின் கொள்ளளவை அன்று. அதே முதல் அதிகாரத்தில் காட்டுமிருகங்களும் மனிதனும் ஒரே ஆறாம் நாளில் உண்டாக்கப்பட்டதை நாம் கவனித்ததுண்டா? இரண்டாம் அதிகாரத்தில் மனிதனும் மண்ணிலிருந்து, மிருகங்களும் மண்ணிலிருந்து. மிருகங்களோடு நமக்குள்ள உறவைக் கேட்டு முதலில் கூசியவர்கள் நாமே, வேதம் கூசவில்லை. மண்ணிலிருந்து நம்மை எடுத்த வழி எத்தனை லட்சம் ஆண்டு நீண்டது என்பதில் கிறிஸ்தவர்கள் மனம் வேறுபடுகிறார்கள். அந்த வழி நீண்டது என்றே நான் எண்ணுகிறேன். குறுகியது என்று எண்ணும் சகோதரனோடும் ஒரே பந்தியில் அமர்ந்து அப்பம் புசிப்பேன். ஆனால் பொய் சொல்லும் சுதந்திரம் எங்கள் இருவருக்கும் இல்லை.

ஆகவே சகோதர ஊழியர்களுக்கு என் வேண்டுகோள் இது. பில்ட்டவுனைப் பற்றிப் பேசினால் முழுக்கதையையும் பேசுங்கள். வெளிப்படுத்தியவர்களின் பெயரையும் சொல்லுங்கள். நீங்கள் வாசித்தறியாத காரியத்தில் இது எனக்குத் தெரியாது என்று பீடத்திலிருந்தே சொல்லுங்கள். அதனால் உங்கள் அபிஷேகம் குறையாது. உங்கள் சபையிலுள்ள மருத்துவரையும் அறிவியல் ஆசிரியரையும் வாலிபர் கூட்டத்துக்கு அழைத்துப் பேசவிடுங்கள். பெற்றோரே, கல்லூரியிலிருந்து கேள்வியோடு வரும் பிள்ளையை, பின்வாங்கிப்போனாயோ என்று கடிந்துகொள்ளாதிருங்கள். அவள் கேட்பது அவிசுவாசத்தினால் அல்ல. நீங்கள் கற்றுக்கொடுத்த ஒன்பதாம் கட்டளையை அவள் மறவாததினால். அந்தத் துண்டுப்பிரதி உங்கள் கைபேசிக்கு மறுபடி வருமானால், அது உங்களோடு நின்றுபோகட்டும்.

நம் ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்ட இடத்துக்குக் கபாலஸ்தலம் என்று பெயர், மண்டையோட்டின் இடம். அவருக்கு மரண தண்டனை வாங்கித்தரப் பொய்ச்சாட்சிகளைத் தேடினார்கள் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. தேடியவர்கள் நாத்திகர் அல்ல. தேவனுடைய கனத்தைக் காப்பதாக எண்ணிய ஆசாரியர்கள். தேவனுக்காகச் சொல்லப்பட்ட பொய் தேவகுமாரனைக் கொன்றது. சத்தியமே நான் என்று தம்மைச் சொன்னவருக்கு நம்முடைய பொய் எதற்கு?

ஜெபம்: சத்தியத்தின் தேவனே, மண்ணிலிருந்து எங்களை எடுத்தவரே, உமது கரத்தின் கிரியைகளை உள்ளபடி காணும் கண்களையும், கண்டதை உள்ளபடி சொல்லும் நாவையும் எங்களுக்குத் தாரும். உம்மைக் காப்பாற்றுகிறோம் என்று எண்ணி நாங்கள் இடறச்செய்த பிள்ளைகளை நீர் மீண்டும் உமது மந்தையில் சேர்த்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.